கடுதாசி நீவாடு

நைலான் நூல் எங்கள் ஊருக்கு முதன்முதலாக வந்த வருடத்தில், புன்னைத்துறையில் ஒருத்தரைத் தவிர மற்ற அறுபத்துமூன்று வள்ளக்காரர்களும் கலந்து பேசிக்கொள்ளாமலே ஒரே பொய்யைச் சொன்னார்கள், அந்தப் பொய்யை என் கையால் நான் எழுதினேன், மதராசில் அதை அச்சடித்தார்கள், அச்சடித்ததைக் கடல் நம்பிவிட்டது. யார் யாரை ஏமாற்றியது என்று என்னிடம் கேட்டால் முதலில் என் பேரைச் சொல்வேன், அடுத்து வத்சலாவின் பேரைச் சொல்வேன். கடலை நான் குற்றம் சொல்ல மாட்டேன், அதற்கு எழுத்து கூட்டிப் படிக்கத்தான் தெரிந்தது, எழுதியவள் நான்.

என் பேர் மதலேன். தூத்துக்குடி கன்னியர் மடத்தில் எட்டாவது வரை படித்தவள் என்பதால், ஊரில் எழுத வேண்டியது எல்லாம் என் தலையில் விழும்: தாசில்தாருக்கு மனு, கொழும்பில் இருக்கும் மாப்பிள்ளைக்குக் கடிதம், ஞானஸ்நானத்துக்குப் பேர் கொடுக்கும் சீட்டு. ஆகையால் நானூறு கண்ணாடிப் பாட்டில்களை வைக்கோல் பரப்பிய பெட்டிகளில் ஏற்றிக்கொண்டு, கடலை ஆராயும் ஒரு நிறுவனத்திலிருந்து வத்சலா ஜீப்பில் வந்து இறங்கியபோது, பங்குச்சாமி அவளை நேராக என் வீட்டுக்குத்தான் அனுப்பினார்.

ஒவ்வொரு பாட்டிலுக்குள்ளும் ஒரு கார்டு. இதைக் கண்டெடுத்தவர் தேதியும் இடமும் பேரும் எழுதிக் கொடுத்தால் ஒரு கட்டை நைலான் நூல் பரிசு என்று அதில் இருந்தது. வாயை மெழுகு வைத்து அடைத்த பாட்டில்களை வெளிக்கடலில் போடுவது, அவை எங்கே போய்ச் சேருகின்றன என்று பார்ப்பது, அதை வைத்துத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று வரைபடம் போடுவது, அவளுடைய வேலை இவ்வளவுதான். தண்ணீரின் ஓட்டத்தை நாங்கள் நீவாடு என்போம். நீவாடு பார்க்க ஒரு பொம்பளைப்பிள்ளை ஜீப்பில் வருவதா என்று ஊர் சிரித்தது, பாட்டிலம்மா என்று பேர் வைத்தது, ஒரு வாரத்தில் பழகிவிட்டது. என்னைவிட இரண்டு வயது மூத்தவள் என்று தெரிந்ததும் நான் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன், அவளும் என் வீட்டு அடுக்களையில் தானே தட்டெடுத்துப் போட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள்.

நான் முற்றத்தில் இறால் உரித்துக்கொண்டிருப்பேன், என் வீட்டுக்காரர் எஸ்தாக்கி கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருப்பார், அவள் மணலில் காலை நீட்டி உட்கார்ந்து கடலை மனுஷன் படித்த கதையைச் சொல்வாள். முதலில் ஆழம் எவ்வளவு என்றே ஒருத்தருக்கும் தெரியாதாம், பிறகு ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி இறக்கினார்களாம், குண்டின் அடியில் குழி வைத்து அதில் கொழுப்பை அடைத்தார்களாம், கடலடி மணலும் சிப்பியும் அதில் ஒட்டிக்கொண்டு மேலே வருமாம். பிறகு படித்த பெரிய மனுஷன் ஒருத்தர் இத்தனை பாகம் ஆழத்துக்குக் கீழே உயிரே கிடையாது என்று எழுதினாராம், எல்லோரும் நம்பினார்களாம், பிறகு கடலடியில் கிடந்த தந்திக்கம்பி அறுந்து அதை மேலே இழுத்தபோது அந்த ஆழத்து ஜீவன்கள் கம்பியில் ஒட்டிக்கொண்டு வந்தனவாம், எழுதியதை அழித்தார்களாம். பிறகு ஒரு கப்பல் மூன்றரை வருடம் உலகத்தைச் சுற்றி, நின்று நின்று கயிறு இறக்கியதாம், அள்ளி வந்ததை எழுதி முடிக்கப் பத்தொன்பது வருடம் ஆனதாம். பிறகு கயிற்றை விட்டுவிட்டுச் சத்தத்தை இறக்கினார்களாம், அது திரும்பி வரும் நேரத்தை எண்ணி ஆழம் சொன்னார்களாம்.

"குண்டுல மெழுகு தடவி இறக்குதது எங்க அப்பன் பாட்டன் காலத்துலருந்து இங்கன நடக்கு" என்றார் எஸ்தாக்கி, வலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அது எந்தப் புஸ்தகத்துல இருக்கும்மா?"

"எழுதினவங்க பேர்தான் புத்தகத்துல வரும். நீங்க எழுதலையே. அதான் கார்டு போட்டிருக்கேன், இப்ப எழுதுங்க" என்றாள் வத்சலா.

அந்தப் பதில் அவருக்கு ரொம்பப் பிடித்துப் போனது. கெட்டிக்காரப் பிள்ளை, கெட்டிக்காரப் பிள்ளை என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இங்கே எங்கள் ஊர்க் கணியத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கடலுக்குள் மீன் குடியிருக்கும் கல்மேட்டுக்குப் பார் என்று பேர். தண்ணீருக்கு மேலே அதற்கு ஒரு அடையாளமும் கிடையாது. கரையைப் பார்த்துக்கொண்டே வள்ளத்தை ஓட்டி, கோவில் சிலுவை அந்த ஒற்றைப் பனையின் தலைக்கு நேராக வர வேண்டும், அதே சமயம் கலங்கரை விளக்கம் உப்பு அம்பாரத்தின் முனைக்கு நேராக வர வேண்டும், இரண்டும் சேர்ந்த இடத்தில் நங்கூரத்தைப் போட்டால் காலடியில் பார் இருக்கும். இதுதான் கணியம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒன்று. அப்பன் சாகப்போகும்போது மகன் காதில் சொல்வான், பெண்டாட்டிக்குச் சொல்ல மாட்டான், பாவசங்கீர்த்தனத்தில் சாமிக்குக்கூடச் சொல்ல மாட்டான். எஸ்தாக்கி மட்டும் கல்யாணமான மூன்றாவது மாதம் அவருடைய கணியத்தை எனக்குச் சொன்னார். ஊரில் எந்தப் பெண்ணுக்கும் கிடைக்காத மரியாதை அது, நான் அன்றைக்குப் பூராவும் தரையில் நடக்கவில்லை.

பாட்டிலை எங்கே எடுத்தாய் என்று ஒருவனைக் கேட்பது, உன் பார் எங்கே இருக்கிறது என்று கேட்பதற்குச் சமம். மதராசுக்காரி வத்சலாவுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்.

முதல் பாட்டிலோடு வந்தவர் அடுத்த வீட்டுச் சந்தியாகு அண்ணன்.

"எங்கன எடுத்தீங்க அண்ணே?"

"தென்கிழக்க. முப்பது பாகத் தண்ணி."

"அம்புட்டுத் தூரம் எதுக்குப் போனீங்க? அங்கன மீனே கிடையாதுல்லா."

"ஏட்டி, கேட்டத எழுது. நூலக் குடு."

அடுத்து வந்தவரும் தென்கிழக்கே முப்பது பாகம் என்றார். அதற்கடுத்தவரும் அதையே சொன்னார். யாருக்கும் சொந்தமில்லாத, யாரும் போகாத இடம் அது ஒன்றுதான், ஆகையால் பொய் சொல்ல நினைத்த அத்தனை பேரும் அங்கேதான் போய் நின்றார்கள். சோற்றுக்குப் போடும் உப்பில்கூட இத்தனை ஒற்றுமை எங்கள் ஊரில் கிடையாது. நான் எழுதிக்கொண்டே இருந்தேன், வத்சலா கார்டுகளை வாங்கிப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள், இவ்வளவு தெளிவான நீவாட்டை எந்தக் கடலிலும் பார்த்ததில்லை என்றாள். உண்மையைச் சொன்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடுவாள், அப்புறம் முற்றத்தில் உட்கார்ந்து கதை சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள் என்று நான் பயந்தேன்.

எஸ்தாக்கி கொண்டுவந்தது இருநூற்றுப் பதினேழாம் நம்பர் பாட்டில். வெளிக்கடலில் போட்ட அந்தப் பாட்டில், எங்கள் பாரின் மேலேயே, கரையிலிருந்து அரைமணி நேரத் தூரத்தில், ஆடிக்கொண்டு நின்றதாம்.

"உள்ளத உள்ளபடி எழுதுட்டீ" என்றார். "வெளிய போன தண்ணி கரைக்குத் திரும்பி வருது. எங்க அப்பாகூட இதச் சொன்னதில்ல. அந்தப் பிள்ள நம்ம வீட்டுச் சோத்தத் தின்னுருக்கு, அதுகிட்டப் பொய் சொல்லக்கூடாது."

சரி என்று தலையை ஆட்டிவிட்டு, தென்கிழக்கே, முப்பது பாகம் என்று எழுதினேன். எங்கள் பாரைக் காப்பாற்றத்தான் எழுதினேன். அது அச்சில் ஏறினால் நாளைக்கே சந்தியாகு அண்ணன் நங்கூரத்தோடு அங்கே நிற்பார் என்று எனக்குத் தெரியும். எஸ்தாக்கிக்கு எழுத்துத் தெரியாது, நான் எழுதுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்து, என் எழுத்து அழகாக இருக்கிறது என்று சொன்னார்.

வத்சலா கார்டுகளை எடுத்துக்கொண்டு மதராசுக்குப் போய் எட்டு மாதம் கழித்து வரைபடம் தபாலில் வந்தது. புதன்கிழமை சாமி அதைக் கோவில் கதவில் ஒட்டினார், வியாழக்கிழமை காலையில் கடலுக்குப் போனவர்கள் பாய் விரிக்காமலே தென்கிழக்கே போய்க்கொண்டிருந்தார்கள். காற்று எதிரே அடித்தது, வள்ளங்கள் அதைச் சட்டை செய்யவில்லை. வரைபடத்தில் எங்கள் துறையிலிருந்து கிளம்பிய கறுப்புக் கோடு எந்த அகலத்தில் இருந்ததோ அந்தக் கணக்குக்குக் கடலில் ஒரு நீவாடு உண்டாகியிருந்தது. தபாலுக்காகத் தாளை மடித்த இடத்தில் அது ஒரு கூப்பிடு தூரம் ஓடாமல் நின்றது, அங்கே நிறுத்தி எல்லோரும் கஞ்சி குடித்தார்கள். அம்புக்குறியின் தலை வந்த இடத்தில் தண்ணீர் இரண்டு பக்கமும் விரிந்து பிறகு முனையாகக் கூடியது. மூலையில் திசை காட்டும் சக்கரம் வரைந்திருந்த இடத்துக்குள் போன வள்ளம் என்ன துடுப்புப் போட்டாலும் வடக்குப் பார்த்தே நின்றது.

ஊர் இதற்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆச்சரியப்படவில்லை. கடுதாசியிலிருந்து வந்ததால் கடுதாசி நீவாடு என்று பேர் வைத்தார்கள், சாமி புனித நீர் தெளித்தார், மறைக்கல்வி வகுப்பில் இதுவும் ஆண்டவர் படைத்த ஆறு நாளுக்குள் அடங்குமா என்று ஒரு பெண் கேட்டதற்கு, அச்சுப்பிழை திருத்தும் நாளில் அடங்கும் என்று சாமி சொன்னார். போவதற்குப் பாய் வேண்டாம் என்று ஆனதால் பாய்த்துணியில் பெண்கள் தலையணை உறை தைத்தார்கள். முப்பது பாகத்தில் மீன் கிடையாது என்பது அப்பன் காலத்துக் கணக்கு, தண்ணீர் ஓட ஆரம்பித்ததும் மீனும் அங்கே வந்து சேர்ந்தது.

ஒரே ஒரு கஷ்டம். கோடு போவதற்கு மட்டும் இருந்தது, வருவதற்கு இல்லை. திரும்பும்போது ஓரத்தில் ஒதுங்கி ஆறு மணி நேரம் துடுப்புப் போட வேண்டும், கை அசந்தால் தண்ணீர் இழுத்துக்கொள்ளும். தாளின் ஓரத்தில் இரட்டைக் கோடாகப் பெட்டி போட்டிருந்தார்கள் அல்லவா, அந்த இடத்தில் கடலிலும் இரண்டு வரிசை நுரை நின்றது. அதைத் தாண்டிப் போன எதுவும் கண்ணுக்குத் தெரியாது. சந்தியாகு அண்ணனின் துடுப்புகள் அப்படிப் போயின, இரண்டு தண்ணீர்ப் பீப்பாய்கள் போயின, வலை மிதப்புகள் நாள் தவறாமல் போயின.

எஸ்தாக்கி கோவில் கதவு முன்னால் நின்று வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏட்டி, என் கார்டுல நான் சொன்னதத்தான எழுதுன?"

"ஆமா."

"அப்ப திரும்புத தண்ணி எங்கயோ இருக்கு. தாள்ல இடம் பத்தாம விட்டுருப்பாவ. வெளிய போய்ப் பாத்தாத் தெரிஞ்சிரும். நம்ம ஊருக்கே வழி கிடைக்கும்லா?"

மறுநாள் காலையில்தான் போனார். அது வரைக்கும் எனக்கு ஒரு பகலும் ஒரு இரவும் இருந்தது, வாயைத் திறக்க ஒரு நிமிஷம் போதும், நான் திறக்கவில்லை. என்னைப் பற்றி அவர் வைத்திருந்த எண்ணம் கெட்டுவிடுமே என்ற நினைப்புதான், வேறே ஒன்றும் இல்லை. கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தேன், நுரை வரிசையைத் தாண்டும்போது கையை ஆட்டினார் என்று பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள்.

ஒரு மாதம் கழித்து அவருக்குப் பூசை வைக்கச் சாமியிடம் கேட்டேன். "செத்தவனுக்குப் பூசை உண்டு, காணாமப் போனவனுக்கும் உண்டு. வரைபடத்துக்கு வெளிய போனவனுக்கு எந்தப் பூசைன்னு ஆயருக்கு எழுதிக் கேட்டிருக்கேன்" என்றார். ஆயரிடமிருந்து பதில் வரவில்லை, ஊர் என்னை விதவை என்றும் சொல்லாமல் சுமங்கலி என்றும் சொல்லாமல் வைத்திருந்தது, கல்யாண வீடுகளில் என்னை எங்கே உட்காரவைப்பது என்று தெரியாமல் வாசலுக்கும் பந்தலுக்கும் நடுவில் நாற்காலி போட்டார்கள்.

அந்த வருடமே கருவிகளோடு ஒரு பெரிய கப்பல் வந்தது. தண்ணீருக்குள் சக்கரம் வைத்த இரும்பு மீன்களை இறக்கி அளந்து, கார்டுகளில் சொன்னபடியே நீவாடு இருக்கிறது, ஒரு விரல்கூடத் தப்பவில்லை என்று எழுதிக்கொண்டு போனது. வத்சலாவுக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது. புத்தகத்தில் எங்கள் நீவாட்டுக்கு அவள் பேரை வைத்தார்கள்.

நான் ரயில் ஏறி மதராசுக்குப் போனேன். நிறுவனத்தில் அவளுக்குத் தனி அறை இருந்தது, சுவரில் எங்கள் கடல் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. என்னைக் கட்டிக்கொண்டாள், காபி வரவழைத்தாள், எஸ்தாக்கி எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கணியத்தைச் சொன்னேன், அறுபத்துமூன்று பேரின் பொய்யைச் சொன்னேன், இருநூற்றுப் பதினேழாம் நம்பரைச் சொன்னேன். என்னை அவள் செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன்.

அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியும், மதலேன்."

"என்னது தெரியும்?"

"முதல் இருபது கார்டு வந்தப்பவே தெரியும். அந்தக் காத்துல பாட்டில் அந்தப் பக்கம் போகவே போகாது. ஆனா எல்லாரும் ஒரே மாதிரி சொன்னாங்க. இருநூறு கார்டும் இருநூறு விதமா உண்மை சொல்லியிருந்தா எனக்கு ஒரு கோடு கிடைச்சிருக்காது. எங்க பேராசிரியர் அந்த வருஷம் ஓய்வு பெறணும், அதுக்குள்ள புத்தகம் வரணும்."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லாக்கா. எங்க வீட்டுல உக்காந்துல்லா தின்னீங்க."

"நீயும் என்கிட்டச் சொல்லலையே."

இரண்டு வருடமாக இவளை ஏமாற்றிவிட்டோமே என்று நான் சோறு இறங்காமல் கிடந்தேன், இவளோ என் பொய்யை என் கையாலேயே எழுதவைத்து, அதைத் தேர்ந்தெடுத்து, அழகாகச் சட்டம் போட்டு மாட்டியிருந்தாள். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கண்ணாடியை உடைத்திருப்பேன். ஆனால் எஸ்தாக்கி திரும்பி வருவது அவள் கையில் இருந்தது, ஆகையால் கையைக் கூப்பினேன்.

"ஒரே ஒரு கோடுக்கா. வெளியில இருந்து எங்க கரைக்கு. அவரு சொன்னது நெசம்."

"ஆதாரம் இல்லாம எப்படிப் போடறது? அந்தப் பாட்டில் இருக்கா?"

"மண்ணெண்ணெய் ஊத்தி வச்சிருந்தேன். உடைஞ்சு போச்சு."

அவள் பென்சிலை எடுத்தாள். "உறுதியில்லாததை விட்டு விட்டுக் கோடு போடறது எங்க வழக்கம். அடுத்த பதிப்புல அப்படிப் போடறேன். இதுக்கு மேல என்னைக் கேக்காதே" என்றாள். இருநூறு பொய்க்குத் தடியாகக் கோடு போட்டவள், ஒரு உண்மைக்கு விட்டு விட்டுப் போட்டாள். அதையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

இரண்டாம் பதிப்பு வந்த மறுநாள் எஸ்தாக்கியின் வள்ளம் தெரிந்தது. கோடு இருந்த இடத்தில் தெரிந்தது, கோடு விட்ட இடத்தில் இல்லை, மறுபடி கோடு வந்த இடத்தில் தெரிந்தது. மொத்தம் பதினொரு கோடுகள். நாளுக்கு ஒரு கோடாக வந்தார், ஊரே கரையில் நின்று எண்ணியது, கல்யாண வீட்டில் எனக்குப் பந்தலுக்குள் நாற்காலி போட்டார்கள். பதினோராவது கோடு கூப்பிடு தூரத்தில் முடிந்தது. அதற்கும் கரைக்கும் நடுவே ஒரு இடைவெளி விட்டிருந்தாள் புண்ணியவதி. அந்த இடைவெளியில் யார் வள்ளத்தை விட்டாலும் விட்ட இடத்துக்கே வந்து நின்றார்கள். ஆகையால் எஸ்தாக்கி தினமும் காலையில் சிறிது நேரம் அந்தக் கடைசிக் கோட்டில் தெரிவார், பேசுவார், மறைந்துபோவார். தாடி வளர்ந்திருந்தது, ஆள் சந்தோஷமாக இருந்தார்.

"கண்டுபிடிச்சிட்டேன் பாத்தியா!" என்று கத்தினார். "நீ எழுதுனது வீண் போகல. அந்தப் பிள்ளைக்கு அறிவிருக்கு, லேட்டானாலும் போட்டுட்டா!"

ஊர்ப் பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒன்பது நாள் நானும் சிரித்துக்கொண்டு நின்றேன், சாப்பிட்டீங்களா, குளிருதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பத்தாம் நாள் அவர், "நீ மட்டும் உள்ளத எழுதலன்னா நான் செத்துருப்பேன்ட்டீ" என்று சொன்னபோது என்னால் சிரிக்க முடியவில்லை.

"நான் எழுதலங்க" என்று கத்தினேன். "மாத்தி எழுதிட்டேன். எல்லாரும் சொன்னதத்தான் உங்களுக்கும் எழுதுனேன். போகும்போது கேட்டீங்கள்ல, அப்பமும் பொய்தான் சொன்னேன்."

அலைச்சத்தத்தில் காதில் விழவில்லையோ என்று இன்னொரு தடவையும் சொன்னேன். விழுந்திருந்தது. அவர் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு நேரமாகி மறைந்துபோனார். சந்தியாகு அண்ணன் என்னை வாயில் வந்தபடி ஏசினார். கொஞ்சங்கொஞ்சமாக வந்துகொண்டிருந்த மனுஷனை வாயாலேயே துரத்திவிட்டாளே என்றார்.

மறுநாளும் வள்ளம் தெரிந்தது. வள்ளத்தின் முன்முனையான அணியம் கடலைப் பார்த்திருந்தது, அவர் முதுகு எங்களைப் பார்த்திருந்தது. அதற்கடுத்த நாள் பத்தாவது கோட்டில் தெரிந்தது, பிறகு ஒன்பதாவதில், பிறகு எட்டாவதில்.

மூன்றாம் பதிப்பில் கோட்டை முழுசாகச் சேர்த்துவிட்டார்கள். கப்பல்காரர்கள் அளந்து, திரும்பும் தண்ணீர் உண்டு என்று உறுதி சொன்னார்களாம். அன்றையிலிருந்து வெளியே போனதெல்லாம் கரைக்கு வர ஆரம்பித்தது. சந்தியாகு அண்ணனின் துடுப்புகள் வந்தன, பீப்பாய்கள் இரண்டும் வந்தன, மிதப்புகள் நூறு நூறாக வந்து மணலில் ஒதுங்கின, அவரவர் பொருளை அவரவர் பார்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு மாதம் தினமும் நான் கரையில் நின்றேன். வழி இருந்தது, வழி இருப்பது அவருக்கும் தெரியும், அவர் வரவில்லை.